கறிநாளுக்கு எந்தப் பறவை? ஏற்காட்டு விறகடுப்புக்கு ஒரு ஒப்பீடு

இந்தத் தைக்கு எங்கள் குடும்பம் கறிநாளை, அதாவது பொங்கலை ஒட்டிக் கறி ஆக்கிச் சாப்பிடுகிற நாளை, ஏற்காட்டில் வைத்துக்கொள்கிறது. நாகலூர் பக்கம் மாமா ஒரு சின்ன வீடு வாங்கியிருக்கிறார். பின்கட்டில் விறகடுப்பு, முன்னால் சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக்கொடி. பெரியவர்கள், பிள்ளைகள் எல்லாம் சேர்த்து 18 பேர். அப்புச்சிக்கு 84 வயது. ஆட்டுக்கறியைக் குறைக்கச் சொல்லி டாக்டர் சொல்லிவிட்டதால், இந்த முறை பறவைதான் என்பது முடிவாகிவிட்டது. எந்தப் பறவை என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு. மாமா வாத்து என்கிறார். பெரியண்ணன் வான்கோழி என்கிறான். ஜெர்மனியில் இருக்கும் சித்தி மகன், கூஸ் வாத்து தின்று பார்த்தால்தான் தெரியும் என்கிறான். அத்தையோ, “பிராய்லரே போதும் கண்ணு, இருவது நிமிசத்துல வெந்துரும்” என்கிறார்.

ஆக்கப்போவது நான். அதனால் ஒவ்வொன்றையும் உட்கார்ந்து யோசித்தேன். எந்தப் பறவை ருசி என்று கேட்டால் பேச்சு முடியவே முடியாது. அது எத்தனை மாதம் உயிரோடு இருந்தது, மண்ணைக் கிளறி நடந்ததா, தண்ணீரில் நீந்தியதா, நின்ற இடத்திலேயே தீனி தின்றதா என்று கேட்டால், எந்தப் பாத்திரம், எவ்வளவு நேரம், தட்டில் கூட என்ன வைப்பது என்பதெல்லாம் ஒவ்வொன்றாகத் தெளிந்துவிடும்.

பறவைக்கு முன்னால் மலையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிக்கிறதே என்று பார்ப்போம். ஆனால் கறிக்குக் கிடைக்கிற சூடு சேலத்தில் கிடைப்பதைவிடக் குறைவு. திறந்த பாத்திரத்தில் வேகிற கறிக்குக் கால் பங்கு நேரம் வரை கூடுதலாகப் பிடிக்கும். சேலத்தில் ஒரு மணி நேரம் என்றால் மேலே ஒன்றேகால். குக்கருக்கு இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை. எண்ணெயில் வறுப்பதற்கும் இல்லை. முதல் தடவை மேலே போய்ச் சமைத்தபோது இது எனக்குத் தெரியாது. வீட்டுக் கணக்கிலேயே குழம்பை இறக்கிவிட்டேன். குழம்பு நன்றாக இருந்தது. கறியை மட்டும் எல்லாரும் ஓரமாக ஒதுக்கி வைத்தார்கள்.

சரி, பிராய்லரிலிருந்து ஆரம்பிக்கிறேன். பிராய்லர் கோழி ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டிவிடும். ஊசி போட்டு வளர்க்கிறார்கள் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். அந்த வேகம், பல தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த இனத்தாலும் தீவனத்தாலும் வருவது. ஆறு வாரக் குஞ்சின் தசைநார் இளசு, அதிகம் நடக்காத கால், அதனால் கறி பஞ்சுபோல் வெந்துவிடும். சாறு இறங்குவதற்குத்தான் அதில் ஒன்றும் சேர்ந்திருக்காது. பிராய்லரில் குழம்பு வைத்தால் மசாலா ஒரு பக்கம், கறி ஒரு பக்கம் என்று நிற்பது அதனால்தான்.

வறுவல் என்று வந்தால் எனக்கு அதன்மேல் எந்தக் குறையும் இல்லை. பள்ளிபாளையம் சிக்கனை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிபாளையம் இன்று நாமக்கல் மாவட்டம்; 1997 வரை சேலம் மாவட்டம்தான், அதனால் அதை நம் ஊர்க் கறி என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. சின்ன வெங்காயம், விதை உதறிக் கிள்ளிப் போட்ட வரமிளகாய், தேங்காய்ப் பல், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு. மசாலாப் பொடி எதுவும் கிடையாது. கறியைச் சின்னச் சின்னதாக வெட்டி, அது விடுகிற தண்ணீரிலேயே வேகவிட்டு, சுண்டும்வரை கிளறுவது. இதற்கு இளசான கறிதான் வேண்டும். ஜப்பானில் குச்சியில் குத்திக் கரியில் வாட்டுகிற யாகிடோரியும் இதே கணக்குதான்: சின்னத் துண்டு, கடும் சூடு, குறைந்த நேரம். அத்தை சொல்வது வறுவலுக்குச் சரி. கறிநாள் மதியத்துக்கு எங்கள் வீட்டில் வறுவல் மட்டும் போதாது, களி உண்டு.

களி என்றதுமே நாட்டுக்கோழிக்கு வந்துவிடுகிறோம்.

கேழ்வரகுக் களியை யாரும் மெல்லுவதில்லை. விரலால் பிட்டு, குழம்பில் தோய்த்து, அப்படியே விழுங்குவது. அதனால் குழம்பு தண்ணியாக இருக்க வேண்டும், அந்தத் தண்ணியிலேயே கோழியின் சாரம் முழுக்க இறங்கியிருக்க வேண்டும். ஐந்தாறு மாதம் குப்பையைக் கிளறி, வேலி தாண்டி, நாய்க்குப் பயந்து ஓடி வளர்ந்த கோழிக்குத்தான் எலும்பிலும் தோலிலும் தசைநாரிலும் அந்தச் சாரம் இருக்கும். மெதுவாக ஒரு மணி, ஒன்றரை மணி கொதிக்கும்போது அந்த நார் கரைந்து குழம்போடு சேர்கிறது. மறுநாள் ஃபிரிட்ஜில் பார்த்தால் குழம்பு பாகுபோல் உறைந்திருக்குமே, அதுதான் அது. பிரான்சில் கிழட்டுச் சேவலைச் சிவப்பு ஒயினில் மணிக்கணக்காக வேகவைக்கிற ‘கோக் ஓ வான்’ என்கிற பண்டமும், கடினமான பறவையை நேரம் கொடுத்து வசப்படுத்துகிற வேலைதான். அவர்களுக்கு ஒயின், நமக்குச் சின்ன வெங்காயமும் மல்லியும் மிளகும்.

அப்புச்சிக்குப் பல் நாலைந்துதான் மிச்சம். கறியை மெல்லாமல் கோழியின் ருசி முழுக்க அவருக்குப் போய்ச்சேர வேண்டும் என்றால், களியும் தண்ணிக்குழம்பும் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. கூட ஒரு டம்ளர் சாறு, மிளகு தட்டிப் போட்டு.

நாட்டுக்கோழி வாங்குவதில்தான் கவனம் வேண்டும். நாட்டுக்கோழி என்ற பெயரில் விற்பவற்றில் கிரிராஜா, வனராஜா மாதிரியான கலப்பினங்களும் உண்டு. சிவப்பும் கறுப்புமாக இறகு பார்க்க நாட்டுக்கோழி மாதிரியே இருக்கும். ஆனால் அதைவிட வெகு வேகமாக எடை போடும். கெட்ட கறி இல்லை. நாட்டுக்கோழி விலைக்கு வாங்கத்தான் மனசு வராது, ஏனென்றால் நாட்டுக்கோழி பிராய்லரைவிட இரண்டு மடங்குக்குக் குறையாமல் விற்கிறது.

வயதைப் பார்க்க அம்மாயி ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். கோழியை மடியில் மல்லாத்திப் பிடித்து, நெஞ்செலும்பு வயிற்றுப் பக்கம் முடிகிற நுனியைக் கட்டைவிரலால் லேசாக அமுக்க வேண்டும். காது மடல்போல் வளைந்து கொடுத்தால் வெடை, அதாவது இளம் பெட்டை. எலும்பாகக் குத்தினால் வயசான கோழி. கையை எடுத்த பிறகு காலைப் பார்க்க வேண்டும்: செதில் வழவழவென்று படிந்திருந்தால் இளசு, சொரசொரவென்று தூக்கி நின்றால் முதுசு, சேவலுக்கு முள் நீளம் பார்த்தால் போதும். இரண்டும் நல்லதுதான், ஒரே சட்டியில் போடக் கூடாது. வெடை வெந்து குழைகிறபோது சேவல் அரைவேக்காட்டில் நிற்கும். வெடையைக் குழம்புக்கும் சேவலைச் சாற்றுக்கும் தனித்தனியாக வைத்துவிடுவேன்.

சுத்தம் பண்ணுகிற முறையும் ருசியில் பாதி. தோலை உரித்துத் தருகிற கடையில் நாட்டுக்கோழி வாங்கி என்ன பயன்? இறகைப் பிடுங்கி, மஞ்சள் தடவி, வைக்கோல் தீயில் வாட்டினால் தோல் இறுகி, இலேசான புகைவாசம் ஏறும். அந்தத் தோலோடு வெட்டினால்தான் குழம்பின் மேல் மஞ்சள் எண்ணெய் வட்டம் வட்டமாக மிதக்கும். வளர்ப்புக்கோழிகளுக்குள் மஞ்சள் தோல் எப்படி வந்தது என்பதற்கு ஓர் அழகான பதில் உண்டு. கோழியின் முக்கிய மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. ஆனால் மஞ்சள் தோலுக்கான மரபணு, நம் தென்னிந்தியக் காடுகளில் திரிகிற சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து கலந்து வந்தது என்று 2008-ல் கண்டுபிடித்தார்கள். உலகம் முழுக்கக் கடைகளில் தொங்குகிற மஞ்சள் தோல் கோழிகளில் நம் மலைப் பறவையின் ஒரு துளி இருக்கிறது என்பது எனக்குப் பெரிய சந்தோஷம். அதற்காக, மேலே போனால் காட்டுக்கோழி கிடைக்கும் என்று யாராவது காதில் ஓதினால் கேட்கவே கூடாது. 1972-ஆம் வருடத்து வனவிலங்குச் சட்டப்படி அது பாதுகாக்கப்பட்ட பறவை. கவுதாரிக்கும் காட்டுக் காடைக்கும் அதேதான்.

பணம் இடித்தால் நாட்டுக்கோழிக்கு ஒரு மாற்று இருக்கிறது, யாரும் அதை மதிப்பதில்லை. நாமக்கல் பண்ணைகளில் முட்டையிட்டு முடித்த லேயர் கோழி. ஒன்றரை வயது தாண்டியது, விலை மலிவு, கறி கடினம். ஆனால் சாற்றுக்கு அருமையானது. பிரான்சில் காய்கறியோடு பானையில் வேகவைக்கிற ‘பூல் ஓ போ’ என்பதே முட்டை ஓய்ந்த கோழிக்காக உண்டானது. குக்கரில் ஏழெட்டு விசில் விட்டு, கறியைப் பிய்த்து மிளகு போட்டுப் புரட்டினால் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

இனி மாமாவின் வாத்து. இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாத்து என்று நாம் சொல்வது இரண்டு வேறு கறிகளை.

அறுவடை முடிந்த நெல்வயலில் ஆயிரக்கணக்கில் மேய்கிற வாத்துக் கூட்டம் முட்டைக்காக வளர்க்கப்படுவது. உதிர்ந்த நெல்லும் நத்தையும் புழுவும் தின்று, ஊர் ஊராக நடந்து போகிறது. கறிக்கு வருவது பெரும்பாலும் ஆண் வாத்தும் முட்டை ஓய்ந்த பெட்டையும். கொழுப்பு அளவாக இருக்கும், கறி கருஞ்சிவப்பாக, கெட்டியாக இருக்கும். இன்னொன்று வெள்ளைப் பெக்கின் இனம்; பண்ணையில் கறிக்கென்றே வளர்வது, தோலுக்கடியில் ஒரு விரல் கனத்துக்குக் கொழுப்பு. பீஜிங் வாத்து வறுவலைப் பார்த்துவிட்டு வயல் வாத்தை நெருப்பில் தொங்கவிட்டால் செருப்புத்தோல்தான் மிஞ்சும். அங்கே தோலுக்கும் கறிக்கும் நடுவே காற்றை ஊதி, கொதிநீர் ஊற்றி, பாகு தடவி, மணிக்கணக்காகக் காயவைத்து, பழமரக் கட்டை எரிகிற அடுப்பில் தொங்கவிடுகிறார்கள். கொழுப்பு உருகி வழிந்து தோல் அப்பளமாக நொறுங்க வேண்டும் என்பதுதான் அத்தனைக்கும் காரணம். கொழுப்பு இல்லாத வாத்தில் உருக என்ன இருக்கிறது?

வயல் வாத்துக்கு மெதுவான வேக்காடுதான் பொருத்தம். பாலித் தீவில் வாத்துக்குள் மசாலாவை அடைத்து, இலையில் சுற்றி, உமித் தணலில் அரை நாள் புதைத்து வைக்கிறார்கள். அசாமில் நீர்ப்பூசணிக்காயோடு வேகவைக்கிறார்கள். காய் கொழுப்பை உறிஞ்சிக்கொள்கிறது. ஈரானில் அக்ரூட் பருப்பும் மாதுளம் புளிப்பும், குட்டநாட்டில் வினிகர், பிரான்சில் கசப்பு ஆரஞ்சு. ஊர் வேறு, புளிப்பு வேறு; வாத்தின் கொழுப்புக்கு எதிரில் எதையாவது நிறுத்த வேண்டும் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. ஏற்காட்டில் அந்த வேலைக்கு என் கையில் இரண்டு பொருள் இருக்கிறது. ஒன்று நார்த்தங்காய்ச் சாறு. இன்னொன்று, தை மாதத்தில் கொடியிலேயே பறிக்கக் கிடைக்கிற பச்சை மிளகு. பச்சை மிளகையும் வாத்தையும் பிரெஞ்சுக்காரர்களும் ஜோடி சேர்க்கிறார்கள். அங்கே மிளகு கப்பலில் போக வேண்டும். எனக்குத் திண்ணையிலிருந்து பத்தடி.

வாத்துக்கு மூன்று காரியம் செய்தாக வேண்டும். முதலாவது, வால் நுனியில் மேல்பக்கம் இருக்கிற எண்ணெய்ச் சுரப்பியைத் தோண்டி எடுக்க வேண்டும். வாத்து இறகில் தடவிக்கொள்கிற எண்ணெய் அதிலிருந்துதான் வருகிறது. ஒரு வருடம் இதை மறந்துவிட்டேன். சட்டி முழுக்கக் குளத்து வாடை. இரண்டாவது, இறகு பிடுங்கிய பிறகும் தோலுக்குள் நிற்கிற முளையிறகுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். பொறுமையான ஆள் ஒருவர் வேண்டும். மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. தோலுள்ள துண்டுகளை, எண்ணெய் ஊற்றாத, சூடேறாத இரும்புச் சட்டியில் தோல்பக்கம் கீழே இருக்கும்படி அடுக்கி, அதன்பிறகு அடுப்பைப் பற்றவைப்பது. முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்காது. அப்புறம் வெள்ளையாக இருந்த கொழுப்பு கண்ணாடிபோல் ஆகும், ஓரத்தில் ஈரம் கசியும், மெல்லிய சத்தம் கேட்கும். சத்தம் படபடவென்று பெரிதாக இருக்கிறவரை தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அது அடங்கிச் சீராக இரைய ஆரம்பித்தால் கொழுப்பு இறங்கிவிட்டது. அந்தக் கொழுப்பிலேயே சின்ன வெங்காயத்தை வதக்கி, மசாலா சேர்த்து, தண்ணீர் விட்டு மூடிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

இவ்வளவு சொன்ன பிறகும் 18 பேருக்கு வாத்து வேண்டாம் என்பதுதான் என் முடிவு. அதே எடைக் கோழியைவிட வாத்தில் எலும்பு அதிகம். ஒரு வாத்து நாலு பேருக்குத்தான் வரும். ஐந்து வாத்துக்கு முளையிறகு பிடுங்குவது யார்? இன்னொன்று, வாத்துக் குழம்பின் கனம் களிக்கு ஆகாது. விழுங்குகிற சாப்பாட்டுக்குக் கொழுத்த குழம்பு நெஞ்சில் நிற்கும். இட்லிக்கும் ஆப்பத்துக்கும் அது வேறு கதை.

பெரியண்ணன் வான்கோழி கேட்பதற்குக் காரணம் அதன் உருவம். நடுவில் ஒரு பெரிய பறவை, சுற்றிலும் குடும்பம். ஆசை புரிகிறது. அமெரிக்காவில் நவம்பர் நாலாவது வியாழக்கிழமை அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் முழுசாகச் சுட்ட வான்கோழியில் தொடை வேகிற நேரத்துக்குள் நெஞ்சுக்கறி வறண்டுவிடும். அந்தப் பண்டிகைச் சமையல் முழுக்க இந்த ஒரு சிக்கலோடுதான் போராட்டம். வான்கோழியை முதலில் வளர்த்த மெக்சிகோக்காரர்கள் புத்திசாலிகள்: துண்டு போட்டு, மிளகாயும் கொட்டைகளும் கொஞ்சம் சாக்லேட்டும் அரைத்த ‘மோலே’ குழம்பில் போட்டுவிடுகிறார்கள். இந்தப் பறவைக்கு ஆங்கிலத்தில் துருக்கியின் பெயர், துருக்கியில் இந்தியாவின் பெயர், போர்த்துகீசிய மொழியில் பெருவின் பெயர். பிறந்த மெக்சிகோவை யாரும் நினைக்கவில்லை. நம் ஊரில் நந்தனம் வான்கோழி என்று கால்நடைப் பல்கலைக்கழகமே ஓர் இனத்தை உருவாக்கிக் கொடுத்திருக்கிறது, கிடைப்பது கஷ்டமில்லை. ஆனால் மாமா வீட்டில் ஓவன் கிடையாது. துண்டு போட்டுவிட்டால் அண்ணன் கேட்கிற அந்தக் காட்சியும் போய்விடும். மிஞ்சுவது, நாட்டுக்கோழியைவிடச் சாறு குறைந்த நிறையக் கறி. ஐம்பது பேருக்குப் பிரியாணி என்றால் நானே வான்கோழியைச் சொல்லுவேன்.

கூஸ் வாத்துக்குக் கதை சுருக்கம். ஜெர்மனியில் நவம்பர் 11, புனித மார்ட்டின் நாளில் அதைச் சுட்டு, சிவப்பு முட்டைக்கோசோடு சாப்பிடுகிறார்கள். வடிகிற கொழுப்பை எடுத்து வைத்து ரொட்டியில் தடவிக்கொள்கிறார்கள். குளிர்நாட்டுக்கு அது அருமையான ஏற்பாடு. முட்டைக்கோழி வருடத்துக்கு 300 முட்டை வரை இடும்போது, கூஸ் அந்தந்தப் பருவத்தில் மட்டும் நாற்பது ஐம்பது இட்டால் பெரிது. அதனால்தான் அது எந்த நாட்டிலும் மலிவான கறியாக ஆகவில்லை. இங்கே தோட்டங்களில் காவலுக்கு வளர்க்கிறார்கள், கறிக்கு விற்பவர்கள் குறைவு. காவலுக்கு நிற்கிற பறவையை விலை பேசிக் கொண்டுவர எனக்கு மனசில்லை. பாம்பைக் கண்டால் கத்தி ஊரைக் கூட்டுகிற கினிக்கோழிக்கும் இதே மரியாதை.

காடை மட்டும் வேறு வகையில் உதவும். பண்ணைக் காடை ஐந்தாறு வாரத்தில் தயார். நாமக்கல் காடை என்றே ஓர் இனம் இருக்கிறது. ஆளுக்கு ஒன்று என்று எண்ணி வைக்கலாம், பிள்ளைகளுக்குத் தகராறு வராது. மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு ஊறவைத்து, கடலை எண்ணெயில் பொரித்தால் பத்து நிமிடம். எலும்பு ஊசிபோல் இருக்கும் என்பதால் சின்னக் குழந்தைகளுக்குப் பிய்த்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். பிராய்லர் வறுவல் செய்ய வேண்டிய வேலையை மதியச் சாப்பாட்டில் காடை செய்துவிடும்.

ஆக, முடிவு இப்படி. கறிநாள் மதியம் நாட்டுக்கோழி: எலும்போடு தலைக்குக் கால் கிலோ கணக்கில் வெடை நாலு குழம்புக்கு, சேவல் ஒன்று சாற்றுக்கு. குழம்பு விறகடுப்பில், வழக்கத்தைவிடக் கால் பங்கு நேரம் கூடுதலாக. சேவல் குக்கரில். பக்கத்தில் 18 காடை. வாத்தை விட்டுவிடவில்லை. முந்தின நாள் சாயங்காலமே மேலே போகப்போவது மாமா வீட்டாரும் நாங்களுமாக ஏழு பேர்தான். அந்த இரவுக்கு இரண்டு வாத்து, பச்சை மிளகு போட்டு, இட்லியோடு. முளையிறகு பிடுங்குவதை மாமாவே ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

கோழி வாங்கக் கொங்கணாபுரம் சனிச்சந்தைக்குப் போகிறேன். விடியுமுன் போனால்தான் வளர்த்தவர்களே கூடையோடு நிற்பார்கள். வெயில் ஏறினால் வியாபாரிகள் கைக்கு மாறிவிடும். வாங்கியதை வீட்டில் இரண்டு மூன்று நாள் கட்டிப்போட்டு, சோளம் போட்டு, தண்ணீர் வைத்துத் தேற்ற வேண்டும். வாட்டுகிற வேலையைச் சேலத்திலேயே முடித்து, ஐஸ் பெட்டியில் வைத்துத்தான் இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏற்றப்போகிறேன். மேலே தை மாதத்தில் காய்ந்த வைக்கோலுக்கு எங்கே போவது?